இடது காதில் 'ரெஃபர்': முப்பது நாள் கழியும் வரை காத்திருக்கலாமா?

தென்காசிச் சாரல் கேட்டது:
மகன் பிறந்து இன்று 19 நாள். பிறந்த மறுநாள் காதில் ரப்பர் முனை ஒன்றைச் செருகி ஏதோ பார்த்தார்கள். டிஸ்சார்ஜ் காகிதங்களோடு வந்த சீட்டில் வலது காது 'பாஸ்', இடது காது 'ரெஃபர்' என்று இருக்கிறது. யாரும் விளக்கவில்லை. நேற்று தடுப்பூசி அட்டையைத் தேடும்போதுதான் அதைக் கண்டேன்.

மாமியாரிடம் காட்டினேன். எவர்சில்வர் தட்டை எடுத்துக் கரண்டியால் ஓங்கித் தட்டினார். தொட்டிலில் கிடந்தவன் தூக்கிவாரிப்போட்டு அழுதான். "பாம்புச் செவி இவனுக்கு, போய் வேலையைப் பார்" என்று முடித்துவிட்டார். முப்பது நாள் கழியாமல் பிள்ளையோடு வாசல் தாண்டக் கூடாது என்பது வேறு.

என் கணவர் எனக்கு அத்தை மகன். மஞ்சள் காமாலைக்காகக் குழந்தையை இரண்டு நாள் நீல விளக்கில் வைத்திருந்தார்கள். இவற்றுக்கும் காதுக்கும் தொடர்பு உண்டா? இப்போதே கிளம்ப வேண்டுமா?

ஈரோட்டான்:
பயப்படாதீர்கள் சகோதரி. என் மகளுக்கும் முதலில் இரண்டு காதும் ரெஃபர். பத்து நாள் கழித்துப் பார்த்ததில் பாஸ். பிறந்த குழந்தையின் மேல் இருக்கும் வெண்மையான மாவு காதை அடைத்திருந்தது என்றார்கள். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும். மூன்று மாதம் பொறுத்துப் பாருங்கள்.

முல்லைக்கொடி:
ஈரோட்டுச் சகோதரரே, நீங்கள் பத்தாம் நாளே போய்ப் பார்த்துவிட்டு, அவரை மட்டும் மூன்று மாதம் பொறுக்கச் சொல்கிறீர்களே!

சாரல், முதலில் அந்தத் தட்டு. உங்கள் மகனுக்கு வலது காது பாஸ். அந்த ஒரு காதில் விழுந்தாலே துள்ளுவான். இடது காதைப் பற்றித் தட்டு எதையும் சொல்லாது.

எங்கள் வீட்டிலும் ஒரு தட்டு இருந்தது. தட்டும்போதெல்லாம் என் மகள் திரும்பினாள். தட்டுபவரின் கையசைவு அவள் கண்ணோரத்தில் பட்டிருக்கிறது, தரையின் அதிர்வு உடம்பில் பட்டிருக்கிறது. 'ங்கா' கூடச் சொன்னாள். காது கேளாத குழந்தையும் 'ங்கா' சொல்லும் என்று அப்போது எனக்கு யார் சொன்னார்கள்? இரண்டு வயதாகியும் 'அம்மா' வரவில்லை. "இவள் அப்பனும் மூன்று வயதில்தான் வாய் திறந்தான்" என்று சொல்லிச் சொல்லியே காலம் போனது. இரண்டு வயது நான்கு மாதத்தில் பெரா எடுத்தோம், ஒலி செவிநரம்பு வழியாக மூளைக்குப் போகிறதா என்று பார்க்கும் பரிசோதனை அது. இரண்டு காதிலும் கடுமையான குறைபாடு.

அந்தப் பெராவே பெரும்பாடு. நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டி, குழந்தை அசையாமல் தூங்கும்போது எடுக்க வேண்டும். ஓடியாடும் பிள்ளை தூங்குமா? தூக்க மருந்து கொடுத்தார்கள், துப்பினாள். இரண்டு முறை பஸ் ஏறித் திரும்பி வந்தோம். உங்கள் மகன் வயதில் பெரும்பாலும் மருந்தே வேண்டியதில்லை. காலையில் கொஞ்சம் விழித்திருக்கச் செய்து, அங்கே போய்ப் பால் கொடுங்கள். அன்று தலையில் எண்ணெய் வைக்காதீர்கள், ஒட்டு நிற்காது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூன்று வயதில் காக்ளியர் கருவி, அதாவது அறுவை சிகிச்சை செய்து உள்காதில் வைக்கும் கேட்புக் கருவி, பொருத்தினார்கள். இப்போது எட்டு வயது. என்னோடு சண்டை போடுகிறாள், அதில் குறைவில்லை. ஆனால் சின்ன மாதத்திலேயே கருவி போட்டுப் பயிற்சி தொடங்கிய பிள்ளைகளைப் பயிற்சி மையத்தில் பார்த்திருக்கிறேன். மூன்று வயதில் அவர்கள் காக்கா வடை கதை சொன்னார்கள். என் மகள் அப்போதுதான் 'ஆ'வையும் 'ம்'மையும் பிரித்துக் கேட்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

எனக்கும் ஒரு சீட்டு கொடுத்திருந்தார்கள். பிரசவக் கோப்பில் ஸ்கேன் படங்களுக்கு நடுவே இருந்ததைப் பிறகு கண்டெடுத்தேன். இரண்டு காதும் ரெஃபர்.

ஒலிக்கூடம்:
ஆடியாலஜிஸ்டாக வேலை பார்ப்பவன். 'ரெஃபர்' என்றால் கேட்கவில்லை என்று பொருளல்ல, மறுபடி பார் என்று பொருள். உங்கள் சீட்டில் இருப்பது ஓஏஇ பரிசோதனையாக இருக்கும். கருவி மெல்லிய ஒலியை அனுப்பும், உள்காதின் மயிரணுக்கள் பதிலுக்கு எழுப்பும் நுண்ணொலியை அதே முனையிலுள்ள மைக் பிடிக்கும். முதல் ஓரிரு நாளில் காதில் மாவோ நீரோ இருந்தால் பிடிபடாது. அந்த மட்டில் ஈரோட்டுக்காரர் சொன்னது சரி.

ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்பதுதான் கணக்கு. நீல விளக்கால் காதுக்குக் கெடுதல் இல்லை. ரத்தத்தையே மாற்ற வேண்டிய அளவுக்குக் காமாலை ஏறிய குழந்தைக்குத்தான் கவலை. அப்படிப்பட்ட குழந்தைக்குச் செவிநரம்பில் பழுதிருந்தாலும் ஓஏஇ பாஸ் ஆகிவிடலாம், பெராதான் காட்டிக்கொடுக்கும். நெருங்கிய உறவில் திருமணம் என்பது கவனிக்க வேண்டிய காரணி. மறுபரிசோதனையில் பாஸ் ஆனாலும் பேச்சு வளர்ச்சியைப் பார்த்துக்கொண்டே இருங்கள். சில குறைபாடுகள் பிறகுதான் தலைகாட்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்கே என்று கேளுங்கள். கட்டணம் இல்லை.

தென்காசிச் சாரல்:
26ஆம் நாள் போய் வந்தோம். வலது பாஸ், இடது மறுபடியும் ரெஃபர். வரும் வியாழக்கிழமை பெரா. முல்லைக்கொடி அக்கா எழுதியதை மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. இன்று காலை அவரே வெந்நீர் பிளாஸ்கும் தொட்டில் சேலையும் பையில் எடுத்து வைத்திருக்கிறார். தட்டை மட்டும் வீட்டில் விட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.