மறு: ‘ப்ராஃபெட்’ என்பதற்குத் தமிழில் என்ன? (தீர்க்கதரிசி / இறைவாக்கினர் / நபி)

அன்புள்ள குழும நண்பர்களுக்கு,

வெளியூர் போயிருந்தேன். திரும்பி வந்து பார்த்தால் இந்த இழையில் இருபத்திரண்டு மடல்கள். எல்லாவற்றையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

> உலக சமயங்கள் தொகுப்பில் ‘ப்ராஃபெட்’ வரும் இடத்திலெல்லாம் தீர்க்கதரிசி என்று போட்டுவிடலாமே. ஊருக்கே தெரிந்த சொல்.

ஊருக்குத் தெரிந்த சொல்தான். ஆனால் ஊர் அதை எந்தப் பொருளில் தெரிந்து வைத்திருக்கிறது? தண்ணீர்ப் பஞ்சம் வரும் என்று என்றைக்கோ ஒருவர் சொல்லியிருந்தால், இன்று குழாயில் காற்று மட்டும் வரும்போது ‘அன்றே தீர்க்கதரிசனமாகச் சொன்னார்’ என்கிறோம். தீர்க்கம் என்றால் நெடியது. தரிசி என்றால் காண்பவர். வரப்போவதை முன்கூட்டியே காண்பவர். இந்தச் சொல்லின் உடம்பில் கண் இருக்கிறது, வாய் இல்லை. விவிலியத்தில் ‘ப்ராஃபெட்’ நிற்கும் இடத்து எபிரேயச் சொல்லான ‘நாபி’க்கோ வாய்தான் எல்லாம். (அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். ஐயா, தமிழில் நாபி என்றால் தொப்புள்.)

வாய்தான் எல்லாம் என்பதற்குச் சான்று விவிலியத்தின் யாத்திராகமத்திலேயே இருக்கிறது. மோசே, தான் ‘திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன்’ என்று சொல்லிப் பார்வோனிடம் போகத் தயங்குகிறார். உன் அண்ணன் ஆரோன் உனக்கு வாயாக இருப்பான் என்கிறார் கடவுள். இது 4ஆம் அதிகாரம். 7ஆம் அதிகாரத்தில் அதே ஏற்பாடு மறுபடி சொல்லப்படுகிறது. அங்கே ஆரோன் மோசேயின் ‘நாபி’. முன்பு ‘வாய்’ நின்ற இடத்தில் இப்போது ‘நாபி’ நிற்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் அந்த இடத்தில் ‘உன் தீர்க்கதரிசியாயிருப்பான்’ என்று இருக்கிறது. ஆரோன் எந்த எதிர்காலத்தைக் கண்டார்? தம்பி சொன்னதை அரசவையில் எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான்.

கிரேக்கச் சொல்லும் இதே பக்கம்தான் நிற்கிறது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் எபிரேய மறையைக் கிரேக்கத்தில் பெயர்க்கத் தொடங்கியவர்கள் ‘நாபி’க்குப் ‘ப்ரோஃபேடேஸ்’ என்று போட்டார்கள். டெல்ஃபி கோவிலில் தெய்வத்தின் சொல்லைக் கேட்க வந்தவர்களுக்கு எடுத்துரைத்தவருக்கும் அதே பெயர்தான். அதன் வேர் ‘சொல்லுதல்’.

காணுதலுக்கு இதில் இடமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1 சாமுவேல் 9ஆம் அதிகாரத்தில் ஓர் அருமையான குறிப்பு வருகிறது: இந்நாளில் தீர்க்கதரிசி எனப்படுபவர் முற்காலத்தில் ‘ஞானதிருஷ்டிக்காரன்’ எனப்பட்டார் என்று. தொலைந்த கழுதைகளைத் தேடிப் போன இளைஞர் சவுல், அவை எங்கே என்று கேட்கத்தான் சாமுவேலிடம் போகிறார். அது கண்ணின் வேலை. ஆனால் அந்தக் குறிப்பே இரண்டும் வேறு வேறு பெயர்கள் என்கிறது. எபிரேயத்தில் பழையது ‘ரோஏ’, புதியது ‘நாபி’. தமிழில் புதியதற்குத் ‘தரிசி’ என்றும் பழையதற்குத் ‘திருஷ்டி’ என்றும் போட்டுவிட்டதால் இரண்டுமே பார்வையாகிவிட்டன. எழுதியவர் எதை வேறுபடுத்திக் காட்ட நினைத்தாரோ அதுவே காணாமல் போயிற்று.

> முன்னறிவிப்பும் அவர்கள் வேலைதானே? சொன்னது நடக்காவிட்டால் அவர் பொய்யர் என்று உபாகமம் 18 சொல்கிறதே.

சொல்கிறது, மறுக்கவில்லை. ஆனால் யோனாவைப் பாருங்கள். இஸ்லாமிய மரபில் யூனுஸ் நபி. ‘இன்னும் நாற்பது நாளில் நினிவே அழியும்’ என்று தெருத்தெருவாகச் சொன்னார். ஊரார் மனம் திரும்பினார்கள், நினிவே அழியவில்லை. முன்னறிபவர் என்ற கணக்கில் அவர் தோற்றுப்போனவர், செய்தி சொன்னவர் என்ற கணக்கில் அவரைப்போல் வென்றவர் அரிது. மனிதருக்கு அதில் கோபம் வேறு. ஊருக்கு வெளியே குந்திக்கொண்டு கடவுளிடம் மல்லுக்கு நிற்கிறார்.

இனி கீழக்கரை நண்பர் எழுப்பிய மறுப்பு. இந்த இழையின் மிக வலுவான மடல் அதுதான். மறைவானவற்றை நான் அறிவேன் என்று உங்களிடம் சொல்லவில்லை என நபியே சொல்லும்படி குர்ஆன் 6:50 கட்டளையிடுகிறது. மறைவை அறிவது இறைவனுக்கு மட்டும் உரியது. அப்படியிருக்க, முகம்மது நபியைத் ‘தீர்க்கதரிசி’ என்று எழுதினால் அவர் எதை மறுத்தாரோ அதையே பட்டமாகச் சூட்டுகிறோம். கி.பி. 610 வாக்கில் மக்காவுக்கு அருகே ஹிரா குகையில் அவருக்கு முதலில் வந்த கட்டளை ‘ஓதுவீராக’ என்பது. ‘பார்’ என்பதல்ல. அரபியின் ‘நபி’யும் எபிரேயத்தின் ‘நாபி’யும் உறவுச் சொற்கள், அரபியில் ‘நபஃ’ என்றால் செய்தி.

அப்படியானால் இறைவாக்கினர்? 1995இல் வந்த விவிலியப் பொது மொழிபெயர்ப்பு இந்தச் சொல்லைப் பரப்பியது. கண்ணை விட்டு வாய்க்கு வந்துவிட்டது, அந்த வகையில் நல்ல சொல். வழிபாட்டில் இன்னும் நெடுநாள் வாழட்டும். நம் தொகுப்புக்கு அது ஒத்துவராததற்குக் காரணம் ‘இறை’. 1 அரசர்கள் 18இல் கர்த்தரின் நாபியான எலியாவுக்கு எதிரே, பாகால் என்ற இன்னொரு தெய்வத்தின் ஆட்கள் 450 பேர் நிற்கிறார்கள். எபிரேய மூலத்தில் அவர்களுக்கும் பெயர் நாபிகள்தான். அவர்களை இறைவாக்கினர் என்றால் எலியாவின் அடியார்கள் சண்டைக்கு வருவார்கள். பொய்யர் என்றால் நாம் தீர்ப்புச் சொல்லிவிட்டோம். ஒப்பீட்டுச் சமயத் தொகுப்பு இரண்டையும் செய்யக் கூடாது. வாக்கு எங்கிருந்து வந்தது என்பது அவரவர் நம்பிக்கை. வந்ததாகச் சொல்லி ஒருவர் உரைத்தார் என்பது மட்டுமே நம் பதிவு.

‘தூதர்’ பக்கம் போகவே வேண்டாம். அங்கே ஏற்கெனவே கூட்டநெரிசல். கிறித்தவர்களுக்குத் தேவதூதர் என்றால் சிறகுள்ளவர், திருத்தூதர் என்றால் இயேசுவின் சீடர். முஸ்லிம்களுக்கு இறைத்தூதர் என்றால் ரசூல், சிறகுள்ளவரோ மலக்கு அல்லது வானவர். எல்லா ரசூலும் நபி, எல்லா நபியும் ரசூல் அல்லர் என்ற பரவலான பாகுபாடும் உண்டு. இந்த நெரிசலில் இன்னொரு தூதரை ஏற்றினால் யாரும் ஊர் போய்ச் சேர மாட்டார்கள்.

> நம்மிடம் சாமியாடி இருக்கிறாரே, அருள்வாக்கு இருக்கிறதே. ‘அருள்வாக்கர்’ என்றால் என்ன?

ஆசையான யோசனை. ஆனால் சாமியாடியின் வாயில் வருவது தன்மை: ‘நான் வந்திருக்கிறேன்டா, எனக்கு என்ன செய்தாய்?’ என்று தெய்வமே பேசும். ஆடியவருக்குப் பிறகு எதுவும் நினைவிருக்காது என்பார்கள். ஆமோஸும் எரேமியாவும் தம் நினைவோடு நின்று, ‘கர்த்தர் சொல்லுகிறது என்னவென்றால்’ என்று தொடங்குகிறார்கள். பண்டைய மேற்காசியாவில் தூதன் கொண்டுபோன ஓலைகள் ‘இன்னார் சொல்வது’ என்றுதான் தொடங்கின, அதே வாய்பாடு. இரு வகையினரும் அங்கே பழைய காலத்திலேயே உண்டு. யூப்ரடீஸ் கரையில் மாரி என்றொரு நகரம் இருந்தது (நம் மாரியம்மனுக்கும் அதற்கும் தொடர்பில்லை, யாரும் புது இழை தொடங்க வேண்டாம்). அங்கே கிடைத்த கி.மு. 18ஆம் நூற்றாண்டுக் களிமண் ஏடுகளில் ஆவேசம் வந்து பேசுபவருக்கு ஒரு பெயர், ‘விடை சொல்பவர்’ என்று வேறொரு பெயர்.

எனக்கு வழி காட்டியது வள்ளுவரின் தூது அதிகாரம். ‘விடுமாற்றம் வேந்தர்க்கு உரைப்பான்’ என்கிறது 689ஆம் குறள்: அனுப்பிய சொல்லை அரசன் முன் அஞ்சாமல், வாய் தவறாமல் உரைப்பவன். பரிமேலழகர் தூதரை இரண்டாகப் பிரிக்கிறார். தானே வகுத்துச் சொல்பவன் ஒருவன், கூறியதைக் கூறுபவன் இன்னொருவன். நாபி இந்த இரண்டாமவன். (‘கூறியது கூறல்’ இலக்கணத்தில் குற்றம், இங்கே அதுவே தகுதி.) ‘விடுமாற்றர்’ என்று வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் இன்று மாற்றம் என்றால் யாருக்கும் சொல் நினைவுக்கு வராது.

ஆகவே என் முன்மொழிவு: வாக்குரைஞர்.

வழக்குரைஞர் என்பதன் அச்சில் வார்த்தது. அவரும் பிறர் பொருட்டுப் பேசுபவர்தான். ‘இறை’ இல்லாததால் பாகாலின் 450 பேரும் இதற்குள் சண்டையில்லாமல் அடங்குவார்கள். கிளைச்சொற்களும் தடங்கலின்றி வருகின்றன: வாக்குரை, வாக்குரைத்தல், வாக்குரை மரபு. ஆண்பால் பெண்பால் தொல்லையும் இல்லை. பழைய மொழிபெயர்ப்பில் தெபொராள் ‘தீர்க்கதரிசியானவள்’ என்று நீள வேண்டியிருந்தது. இங்கே அவர் நேராக வாக்குரைஞர் தெபொராள். இஸ்லாம் பற்றிய கட்டுரையில் நபி நபியாகவே இருக்கட்டும், பன்மை நபிமார். விவிலிய மேற்கோளில் அந்தந்த மொழிபெயர்ப்பின் சொல். மரபுகளுக்கு வெளியே நின்று ஒப்பிடும்போது மட்டும் வாக்குரைஞர்.

சொல்லின் எல்லை எது என்று பார்க்கச் சில பெயர்களை அதில் வைத்துப் பார்த்தேன். பார்சிகளின் சமயத்தைத் தொடங்கிய ஜரதுஷ்டிரர், காதைகள் என்ற தம் பாடல்களில் தம்மை ‘மாந்த்ரன்’ என்கிறார். நம் ‘மந்திரம்’ என்ற சொல்லின் உடன்பிறப்பு, உள்ளே வருகிறார். கி.பி. 3ஆம் நூற்றாண்டின் மானி, தமக்கு முன் புத்தரும் ஜரதுஷ்டிரரும் இயேசுவும் தத்தம் நாடுகளுக்குச் செய்தி கொண்டுவந்ததாகச் சொல்லித் தம்மையும் அவ்வரிசையில் வைத்தார்; அவரும் உள்ளே. புத்தர் வெளியே. தாமே தேடிக் கண்டதை, காட்டில் மறைந்துபோன பழைய நகரத்துப் பாதையைக் கண்டவன் போல என்று சொல்லி, ‘வந்து பார்’ என்று அழைத்தவர் அவர். யாரும் சொல்லி அனுப்பவில்லை. கன்பூசியஸ் ‘நான் எடுத்துரைக்கிறேன், புதிதாகப் படைப்பதில்லை’ என்றவர். கேட்கும்போது கூறியது கூறுவான் போலவே இருக்கிறது, ஆனால் அவர் உரைத்தது முன்னோர் சொல், விண்ணின் சொல் அல்ல.

உண்மையில் என்னைத் திணற அடித்தவர் குரு நானக் (1469–1539). ‘தலைவனின் வாக்கு எனக்கு எப்படி வருகிறதோ அப்படியே சொல்கிறேன், லாலோ’ என்று பாடியிருக்கிறார். என் அளவுகோலின்படி இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சீக்கியர்களோ அவரைக் குரு என்றுதான் சொல்வார்கள். நம் ஊரிலேயே சம்பந்தர் ‘எனதுரை தனதுரையாக’ என்கிறார். நம்மாழ்வார் ‘என்னால் தன்னை இன்தமிழ் பாடிய ஈசன்’ என்கிறார். இவர்களை என்ன செய்வது? மரபு வைத்த பெயரை மாற்றாமல், ‘இவர் பாடல்களில் வாக்குரைக் கூறு உண்டு’ என்று எழுதலாம். இதற்கு மேல் எனக்குத் தோன்றவில்லை.

அன்புடன்.

---

> வழக்குரைஞர், வாக்குரைஞர்: தட்டச்சில் ஒன்று மற்றொன்றாகிவிடும். மேலும் வாக்கு என்றால் இப்போது ஓட்டு. தேர்தல் பேச்சாளர் என்று எண்ணிவிடப் போகிறார்கள். வாக்கு, உரை இரண்டும் ஒன்றே அல்லவா? அதைவிட முக்கியம்: சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் புத்தரையும் ‘ப்ராஃபெட்’ என்றே வகைப்படுத்துகிறார், நடந்து காட்டும் வகை என்று. வேபரை எப்படி மொழிபெயர்ப்பீர்கள்?

அம்மா, நான்கும் நல்ல அடிகள்.

தட்டச்சுப் பிழை வரும். மெய்ப்புப் பார்ப்பவன் நான், எனக்கு வேலை. ஓட்டு என்ற பொருள் வாக்குச்சாவடி வாசலில் மட்டும்தான். குறி கேட்கப் போகும் இடத்தில் வாக்கை யாரும் ஓட்டு என்று எடுப்பதில்லை. வாக்கு உரைப்பது, பாட்டுப் பாடுவது போலத்தான்; பாட்டுப் பாடாதே என்று நாம் யாரையும் தடுக்கவில்லை.

வேபர் விஷயத்தில் நீங்கள் என்னை மடக்கிவிட்டீர்கள். தெய்வக் கட்டளையைச் சொல்பவர் ஒருவகை, தானே வாழ்ந்து வழியைக் காட்டுபவர் மறுவகை என்று அவர் பிரிக்கிறார். இரண்டுக்கும் ஒரே தலைச்சொல். வாக்குரைஞர் என்று போட்டால் இரண்டாம் வகை பொருந்தாது. ‘நடந்துகாட்டும் வாக்குரைஞர்’ என்று எழுதிப் பார்த்தேன். முரண் பல்லைக் காட்டுகிறது. வேபருக்கு மட்டும் ‘சமய முதல்வர்’ என்று பொதுவாகப் போட்டு, அடிக்குறிப்பில் விளக்கலாமா? எனக்கே முழு நிறைவில்லை. ஞாயிறு வரை இந்த ஒரு பதிவைத் திறந்தே வைக்கிறேன்.

கீழக்கரை நண்பருக்கு: கட்டுரையில் முதல் முறை வரும்போது ‘முகம்மது நபி (ஸல்)’ என்றும் பிறகு ‘நபி’ என்றும் எழுதுவது உங்களுக்குச் சரிதானா? ஒரு வரி போடுங்கள்.

அடுத்த சொல் ‘அப்போஸ்தலர்’. தொடங்குபவர் தயவுசெய்து தனி இழையில் தொடங்கவும், இதன் வாலில் ஒட்ட வேண்டாம்.