பிப்ரவரியில் ஜெர்மன்-அமெரிக்கப் பாட்டுக் கழகம் பாளையங்கோட்டைக்கு வருகிறது: என்ன ஏற்பாடு செய்யணும்?

பாளை_டெனர்:
பென்சில்வேனியாவிலிருந்து ஒரு ஜெர்மன்-அமெரிக்கப் பாட்டுக் கழகம் நான்கு நாள் பயணமாக வருகிறது. 24 பேர், பெரும்பாலும் அறுபதைத் தாண்டிய ஆண்கள். சிலர் சபையார் வீடுகளில் தங்குகிறார்கள். நம்ம பாடகர் குழுவோடு ஒரு மாலைக் கச்சேரி, மறுநாள் வில்லுப்பாட்டுப் பயிற்சி. சேர்ந்து பாட எது பொருந்தும்? பணம், பரிசு, தங்கல் விஷயத்தில் எங்கே சறுக்கும்?

கட்டை_ஒண்ணு:
அண்ணாச்சி, இந்தக் கழகங்கள் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவில் குடியேறிய ஜெர்மானியர் தொடங்கியவை. பிலடெல்பியாவில் 1835-லேயே ஒன்று உருவானது. 1849-ல் சின்சினாட்டியில் பல ஊர்க் கழகங்கள் கூடிப் பாடல் விழா நடத்தின. அவர்களுடைய மரபு ஆண்குரல் நான்கு பாகம்: இரண்டு டெனர் (ஆண் மேல்குரல்), இரண்டு பேஸ் (ஆண் கீழ்க்குரல்). உங்கள் பெண்குரல்களான சோப்ரானோ, ஆல்டோவை அதன் மேல் அப்படியே ஏற்ற முடியாது. கலப்புக் குரலுக்கான நொட்டேஷனை இப்போதே கேட்டு வாங்குங்கள். முதல் டெனர்களை மட்டும் உங்கள் டெனரோடு நிறுத்தி, மற்றவர்களை பேஸில் சேருங்கள். பெண்குரல் பத்துக்குக் குறைந்தால் மெட்டே அமுங்கிவிடும்.

பாட்டுக்கு ஞானப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தால் போதும். ஜெர்மன் கோரல் (சபைப் பாடல்) மெட்டுகள் அதில் நிறைய. 1647-ல் அச்சான 'நுன் டாங்கெட் அல்லெ கோட்' ('இப்போது எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொல்லுங்கள்') மெட்டு இரண்டு பக்கமும் தெரிந்தது. ஒரு சரணம் ஜெர்மனில், ஒன்று தமிழில் வையுங்கள். எஃப் மேஜரில் இருந்தால் ஈ-ஃப்ளாட்டுக்கு இறக்குங்கள். வெயிலில் அலைந்த வயதான குரலுக்கு அது உதவி. சிக்கல் வருவது வரிக்கடைசியில். நாம் அங்கே நீட்டிப் பழகியவர்கள், அவர்கள் தாளத்தை எண்ணி நிறுத்துவார்கள். எத்தனை எண்ணிக்கை என்று முதல் ஒத்திகையிலேயே முடிவு செய்யுங்கள்.

உச்சரிப்பு: சொல்லின் முதலில் 'ஸ்ட' வந்தால் 'ஷ்ட'. இரட்டைப் புள்ளி வைத்த யு-வுக்கு உதட்டை 'ஊ' போலக் குவித்து 'ஈ' சொல்ல வேண்டும். தமிழ் வரிகளை ரோமன் எழுத்தில் மட்டும் அனுப்பாதீர்கள். குறில் நெடில் தெரியாமல் பாடுவார்கள். வரி வரியாக மெதுவாகப் பேசிப் பதிந்த ஒலிப்பதிவும் சேர்த்து அனுப்புங்கள்.

கோடைக்கொடை:
வில்லுப்பாட்டில் ஒரே நாளில் வீசுகோல் (வில்லை அடிக்கும் கோல்) பிடிபடாது. பின்பாட்டும் (தலைவர் பாடியதைத் திருப்பிப் பாடுவது) 'ஆமாம்' போடுவதும் கற்றுக்கொடுங்கள், அதிலேயே தாளம் உடம்பில் ஏறும். பின்பாட்டை ஒரே குரலாகப் பாடச் சொல்லுங்கள். பழக்கத்தில் நாலு பாகமாகப் பிரித்தால் தலைமைப் பாடகரான புலவருக்குச் சுருதி கலையும்.

தரையில் சம்மணம் போட அவர்களால் முடியாது. வில்லை இரண்டடி மேடையில் வைத்துச் சுற்றிலும் பெஞ்சு போடுங்கள். குடத்துக்கு அடியில் பிரிமணை (வைக்கோல் வளையம்) கட்டாயம். வெறும் பலகையில் வைத்தால் நாதமும் போகும், குடமும் உடையும். கூட இரண்டு மாற்றுக் குடம் இருக்கட்டும். காலைப் பனியில் உடுக்கைத் தோல் தொய்ந்திருக்கும், கொஞ்ச நேரம் வெயில் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

தாமிரபரணிக்கரை:
பணம்தான் முக்கியம். கச்சேரி முடிந்ததும் உறையில் காணிக்கை தருவது பல குழுக்களின் வழக்கம். எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடைச் சட்டம்) பதிவோ முன் அனுமதியோ இல்லாத சபையோ சங்கமோ வெளிநாட்டவர் நன்கொடையை ரூபாய் நோட்டாகக்கூட வாங்கக் கூடாது. பதிவு இருந்தாலும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் உள்ள கணக்கு வழியாகத்தான் வரவேண்டும். இதை முதல் கடிதத்திலேயே எழுதிவிட்டால் மேடையில் சங்கடம் வராது. பஸ், விடுதிக் கட்டணத்தை அவர்களே நேரடியாகக் கட்டட்டும்.

வீட்டில் தங்கவைக்கும் ஒவ்வொருவரும் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் வெளிநாட்டவர் தகவலைப் பதிய வேண்டும். நாம் சி ஃபார்ம் என்கிறோமே, அதுதான். கச்சேரிக்கு டிக்கெட் போட்டுப் பணம் வாங்காதீர்கள். சுற்றுலா விசாவில் வருபவர் பிரசங்கம் பண்ணவும் கூடாது. அழைப்புக் கடிதத்தைக் காட்டி, எந்த விசா என்று இந்தியத் தூதரகத்தில் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.

பரிசாகக் கழகப் பெயர் பொறித்த சிறு கொடி தருவார்கள். பதிலுக்குப் பத்தமடைப் பாய்தான் சரி. கல்யாணப் பாயில் மணமக்கள் பெயர் நெய்வது போலக் கழகப் பெயரும் ஆண்டும் நெய்யச் சொல்லலாம். இரண்டு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள். எழுத்துகளைக் கட்டம் போட்ட தாளில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். பெயரில் ஜெர்மன் இரட்டைப் புள்ளி இருந்தால் அதைச் சிவப்பில் வட்டமிடுங்கள், இல்லையென்றால் நெய்பவர் அதைக் கறை என்று விட்டுவிடுவார். மடிக்காமல் சுருட்டி அட்டைக் குழாயில் கொடுங்கள்.

பாளை_டெனர்:
நன்றி. நாங்கள் கீர்த்தனை பாடும்போது அவர்கள் சும்மா நிற்கணுமா?

கட்டை_ஒண்ணு:
வேண்டாம். ச, ப இரண்டையும் 'ம்' என்று அடக்கமாகப் பிடிக்கட்டும். சுருதி ஒரு கட்டை (ஸி) வைத்தால் பேஸ்காரர்களுக்குச் சுகம். கார்டு (பல சுரம் சேர்ந்த ஒலி) சேர்க்க ஆசைப்படுவார்கள், விடாதீர்கள். கமகம் (சுர அசைவு) முழுதும் அதில் மறைந்துவிடும். அப்புறம், பாடும் நேரம் மட்டும் மேலே உள்ள மின்விசிறிகளை நிறுத்துங்கள். தாள் பறக்கிறது, அந்த இரைச்சலில் பேஸ் காதில் விழாமல் சுருதி இறங்குகிறது. ஆலயத்துக்குள் செருப்புப் போடும் வழக்கம் இல்லை என்பதையும் சொல்லிவையுங்கள், காலுறை கொண்டுவருவார்கள்.