பிளாஸ்டர் எறும்புக் கூடு இரண்டு நாளில் காய்கிறது, தண்ணீர் எப்படி விடுவது?

கொக்குவில்_முற்றம்

போன மார்கழி மழைக்குப் பிறகு விறாந்தை லைற்றடியில் சிறகு உதிர்த்த கட்டெறும்பு இராணி ஒன்று கிடைத்தது. சோதனைக்குழாயில் தண்ணீரும் பஞ்சும் வைத்து இருட்டில் விட்டேன், இப்போது வேலைக்கார எறும்புகள் 25க்கு மேல். குழாய் காணாது என்று பிளாஸ்டர் ஒஃப் பாரிஸில் நானே ஒரு கூடு வார்த்தேன், ஒரு கொப்பி அளவு, 3 சென்ரிமீற்றர் தடிப்பு, ஆறு அறை, மேலே கண்ணாடி. பிரச்சினை என்னவென்றால் இந்தச் சோளகக் காற்றுக்கு, காலையில் சிரிஞ்சால் விடுகிற தண்ணீர் அடுத்த நாள் பின்னேரமே காய்ந்துவிடுகிறது. கொஞ்சம் கூட விட்டால் கண்ணாடி முழுக்க வியர்த்து உள்ளே ஒன்றும் தெரியாது, போன கிழமை இரண்டு எறும்புகள் அந்தத் துளிகளில் ஒட்டிச் செத்துப்போயின. ஒரு மூலையில் பூஞ்சணமும் பிடித்துவிட்டது. குடம்பிகளை (முட்டையிலிருந்து வந்த புழுக்களை) வாயில் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை அலைகின்றன, பார்க்கவே மனம் கேட்கவில்லை. எத்தனை மில்லிலீற்றர், எத்தனை நாளுக்கு ஒருக்கா? கிணற்றுத் தண்ணீர்தான் விடுகிறேன்.

தென்மராட்சி_மண்

தம்பி, கூடு முழுக்க நனைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதை முதலில் நிறுத்துங்கள். கட்டெறும்பு ஓரளவு காய்ந்த இடத்தையும் தாங்கும், ஆனால் முட்டைக்கும் சின்னக் குடம்பிக்கும் ஈரம் வேண்டும், கூட்டுப்புழுக்களையோ பெரும்பாலும் சற்றுக் காய்ந்த பக்கத்தில்தான் கொண்டுபோய் அடுக்கும். ஒரு அந்தத்தில் நல்ல ஈரம், நடுவில் கொஞ்சம், மற்ற அந்தம் காய்ந்தபடி என்று விட்டால் அவையே தமக்கு ஏற்ற இடத்தைப் பிடித்துக்கொள்ளும். எல்லா அறையும் ஒன்றாக நனைந்து ஒன்றாகக் காய்ந்தால் போவதற்கு இடமில்லாமல்தான் இப்படி அலையும்.

மில்லிலீற்றர் கணக்கு ஒருவர் சொல்லி மற்றவருக்குப் பொருந்தாது, பிளாஸ்டரை நீங்கள் எவ்வளவு தண்ணீரில் குழைத்தீர்கள் என்பதைப் பொறுத்தது அது. தண்ணீர் கூட விட்டுக் குழைத்திருந்தால் நுண்துளை கூட, கனக்க உறிஞ்சும், ஆனால் கட்டி பலம் குறைவு. நான் செய்வது, சமையலறைத் தராசில் கூட்டை நிறுத்துப் பார்ப்பது. காய்ந்திருக்கும்போது எவ்வளவு, ஒரு அந்தம் மட்டும் வடிவாக நனைந்த பிறகு எவ்வளவு என்று எழுதி வையுங்கள். அந்த வித்தியாசத்தில் பாதி குறைந்ததும் அந்தப் பக்கம் மட்டும் திரும்ப விடுங்கள். நனைந்த பிளாஸ்டர் சற்று மங்கலாகத் தெரியும், அந்தக் கோடு கூட்டின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் காணும்.

கண்ணாடி வியர்ப்பதற்குத் தண்ணீர் மட்டும் காரணமில்லை. உள்ளே இருக்கும் ஈரக் காற்றைவிடக் கண்ணாடி குளிர்ந்துபோனால் அதில் நீர் படியத்தான் செய்யும். யன்னலடியில் வைத்திருந்தால் இடத்தை மாற்றி, கண்ணாடிக்கு மேல் தடித்த காட்போட் மட்டை ஒன்றை மூடி வையுங்கள், எறும்புக்கும் இருட்டுத்தான் விருப்பம். வெயிலில் மட்டும் வைக்கவே வேண்டாம், அந்தச் சின்ன இடம் கொஞ்ச நேரத்தில் கொதித்துவிடும்.

கிணற்றடி

எனக்குத் தண்ணீரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். உங்கள் கொக்குவில் பக்கம், வலிகாமத்துக் கிணறென்றால் சுண்ணாம்புக்கல்லுக்குள்ளால் வருகிற தண்ணீர், கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதேதான் பிளாஸ்டரிலும் படிகிறது. தண்ணீர் காய்ந்து போகும், சுண்ணாம்பு அங்கேயே நிற்கும். என்னுடைய முதல் கூட்டில் ஒரு வருடத்துக்குள் தண்ணீர் விடுகிற குழியின் சுவரில் வெள்ளைத் தோல்போலப் படிந்து, விட்ட தண்ணீர் உறிஞ்சாமல் மேலேயே நின்றது. மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதுதான் திறம். இல்லையென்றால் கொதிக்க வைத்து ஆறவிட்டு, அடியில் படிவதை விட்டு மேல்த்தண்ணீரை எடுங்கள், சுண்ணாம்பு பெரும்பாலும் குறையும். உவர்த் தண்ணீரென்றால் கொதிக்க வைத்தும் பிரயோசனமில்லை, உப்பு அப்படியே இருக்கும்.

இன்னொன்று, பிளாஸ்டரே ஒரு லீற்றர் தண்ணீரில் 2 கிராம் அளவில் கரையும். ஒரே இடத்தில் சிரிஞ்சால் பாய்ச்சிக்கொண்டே இருந்தால் அந்த இடம் மெதுவாக அரித்துப்போகும், அதனால் சொட்டுச் சொட்டாக விடுங்கள்.

வடமராட்சி_எறும்பு

நான் சிரிஞ்சையே விட்டுவிட்டேன். கார்த்திகை விளக்கீட்டுக்கு வாங்குகிற மண் சிட்டி இருக்கிறதல்லவா, அதில் புதிது ஒன்றை எடுத்து, வாய் வெளியே தெரிகிற மாதிரிக் கூட்டின் ஒரு அந்தத்தில் பதித்து அதைச் சுற்றி பிளாஸ்டரை வார்த்தேன். சிட்டியில் தண்ணீர் நிரப்பினால் மண்ணுக்குள்ளால் மெல்ல மெல்லக் கசிந்து பிளாஸ்டருக்குப் போகும், மண்பானையின் வெளிப்புறம் ஈரமாக இருப்பதுபோலத்தான். எண்ணெய் ஊற்றி எரித்த சிட்டி சரிவராது, துளையெல்லாம் அடைபட்டிருக்கும். வாயை ஒரு மூடியால் மூடுங்கள், இல்லையென்றால் நுளம்பு முட்டையிடும். வார்த்த கூட்டை ஒரு கிழமையாவது நன்றாகக் காயவிட்டுத்தான் எறும்பை விட வேண்டும்.

பூஞ்சணம் ஈரத்தால் மட்டும் வருவதில்லை. ஈர அறைக்குள் இழுத்துக்கொண்டுபோன பூச்சித் துண்டு மிஞ்சிக் கிடந்தால் அதில்தான் முதலில் பிடிக்கும். சின்னத் துண்டாகக் கொடுத்து அடுத்த நாளே மிச்சத்தை எடுத்துவிடுங்கள். குடிக்கத் தண்ணீர், பஞ்சு அடைத்த குழாயில் வெளிப்பெட்டியில் (கூட்டுக்கு வெளியே எறும்பு இரை எடுக்க வருகிற பெட்டி) தனியாக எப்போதும் இருக்க வேண்டும், சுவர் ஈரத்தை நக்கிக் குடிக்கட்டும் என்று விடாதீர்கள்.

கொக்குவில்_முற்றம்

எல்லாருக்கும் நன்றி. காட்போட் மூடி, கொதித்தாறிய தண்ணீரை வாசல் இல்லாத அந்தத்தில் மட்டும் விட்டு இன்றோடு ஒன்பது நாள். வியர்வை இல்லை. குடம்பி முழுவதும் ஈரப் பக்கத்து இரண்டாவது அறையில் ஒரே குவியலாக, இராணியும் அங்கேதான். கூட்டுப்புழுக்கள் நான்கை மட்டும் வாசலடி அறையில் கொண்டுவந்து அடுக்கியிருக்கின்றன, தென்மராட்சி அண்ணா சொன்னபடியே. நிறையில் 60 கிராம் வித்தியாசம் வந்தது, ஐந்து நாளில் பாதி குறைந்தது. ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இதே கணக்கா?

தென்மராட்சி_மண்

இல்லை தம்பி, வெளியிலேயே ஈரப்பதன் கூடிவிடும், அப்போது இரண்டு கிழமைக்கும் தண்ணீர் தேவைப்படாமல் போகலாம். நாளை எண்ணாமல் தராசைப் பாருங்கள். குடம்பியை வாசல் பக்கம் இழுக்கத் தொடங்கினால், தராசு என்ன சொன்னாலும் தண்ணீரை நிறுத்துங்கள்.