அபினிப் பண்ணையா, அபினிக் குத்தகையா?

சிங்கப்பூரிலிருந்து, திங்கள் இரவு

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளி மாலை அச்சகத்துக்குப் போக வேண்டிய ஒரு கையேட்டில் ஒரு சொல்லுக்காகத் தவிக்கிறேன். உயர்நிலைப்பள்ளித் தமிழ் மாணவர்களைச் சிங்கப்பூர் ஆற்றங்கரையில் மரபுநடை கூட்டிப் போகிறோம். எட்டுப் பக்கம் தமிழில் கொடுக்கிறோம். அதில் சிங்கப்பூரின் முதல் பிரிட்டிஷ் அதிகாரி ஃபார்குவார் 1820-இல் தொடங்கிய 'ஓப்பியம் ஃபார்ம்' வருகிறது. நான் 'அபினிப் பண்ணை' என்று எழுதிவைத்திருந்தேன். வரைவைப் படித்த ஒரு மாணவி, "டீச்சர், கசகசாச் செடியை எந்த மலையில போட்டிருந்தாங்க?" என்று கேட்டாள். என் சொல்தான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டது.

நடந்தது இதுதான். சிங்கப்பூரில் அப்போது கப்பல் சரக்குக்குத் தீர்வை கிடையாது. ஊர் வளர்ந்ததே அதனால்தான். ஆனால் காவலருக்குச் சம்பளம் கொடுக்கவும் சாலை போடவும் பணம் வேண்டும். அதனால் அபினி, சாராயம், சூதாட்டம் என்று ஒவ்வொன்றிலும் உள்ளூரில் நடத்தும் தனி உரிமையை ஒருவருக்கோ ஒரு கூட்டுக்கோ விட்டார்கள். எடுத்தவர் பேசிய தொகையை மாதாமாதம் அரசுக்குக் கட்டுவார், மிஞ்சுவது அவருக்கு. கச்சா அபினியை யார் வேண்டுமானாலும் இறக்கலாம், மறுபடி ஏற்றி அனுப்பலாம். அதைக் காய்ச்சிப் புகைப்பதற்கான சண்டு ஆக்கி விற்பது மட்டும் 'ஃபார்மர்' கையில். இவரை விவசாயி என்றா எழுதுவது?

மதுரைப் பக்கமிருந்து, செவ்வாய் காலை

அம்மா, உங்கள் சொல் எங்கள் ஊர் வாரச்சந்தை வாசலில் நிற்கிறது. சந்தை வசூலை ஊராட்சி ஆண்டுக்கு ஒருமுறை ஏலம் விடும். எடுத்தவரின் ஆள் ஆட்டுக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று சீட்டுக் கிழிப்பார். அவருக்குப் பெயர் சந்தைக் குத்தகைக்காரர். கண்மாய் மீனுக்கும், சாலையோரப் புளியமரத்துக்கும் இதே ஏற்பாடு, இதே சொல். வருவாய்த் துறையில் முப்பது ஆண்டு வேலை பார்த்தவன் சொல்கிறேன், 'அபினிக் குத்தகை' என்று எழுதுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் விளங்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஆங்கில 'ஃபார்ம்' முதலில் நிலத்தைக் குறித்ததே இல்லை. இடைக்கால லத்தீனில் 'ஃபிர்மா' என்றால் உறுதிசெய்த தொகை. தொகை பேசி விட்ட எதற்கும் அது பெயர். நிலத்தை அப்படி விட்டதால் நிலமும் ஃபார்ம் ஆனது, உழுதவர் ஃபார்மர் ஆனார். நம் குத்தகையும் தொகையிலிருந்து நிலத்துக்கு வந்ததுதான். இரண்டு மொழியும் ஒரே தடத்தில் நடந்திருக்கும்போது, நாம் ஏன் குறுக்கே புகுந்து பண்ணை வைக்க வேண்டும்?

கோவையிலிருந்து, செவ்வாய் மதியம்

ஐயா சொன்ன பொருள் சரி. சொல்லில்தான் எனக்கு நிறைவில்லை. குத்தகை பிற்காலச் சொல். சோழர் கல்வெட்டில் ஏரி மீன்மேல் வாங்கிய வரிக்குப் 'பாசிப்பாட்டம்' என்று பெயர். பாட்டம் என்ற அருமையான சொல் கல்லில் இருக்கும்போது அதை மண்ணில் புதைக்கலாமா? 'ஆயப்பாட்டம்' என்பது என் பரிந்துரை. ஆயம் வருவாய், பாட்டம் அதை விட்டுக்கொடுத்த முறை. நடத்துபவர் 'பாட்டாளர்'. அபினிக்கு 'அபினிப்பாட்டம்'.

கூடவே, 'அபினி' என்பதையே யோசிக்க வேண்டும். கிரேக்கத்தில் சாறு என்ற பொருளுடைய சொல்லில் பிறந்து, அரபியில் 'அஃப்யூன்' ஆகி நம்மிடம் வந்தது. வடமொழியார் அதை 'அகிபேனம்', அதாவது பாம்பின் நுரை, என்று தமக்கு ஏற்றபடி வளைத்துக்கொண்டார்கள். அவர்கள் வளைத்ததுபோல நாமும் 'கசகசாப்பால்' என்று ஒன்றைச் செய்துகொள்ளலாம்.

சிங்கப்பூரிலிருந்து, செவ்வாய் இரவு

அபினியைத் தொட வேண்டாம் ஐயா, அது பிள்ளைகளுக்குத் தெரியும்.

குத்தகையில் எனக்கு வேறு சிக்கல். எங்கள் பிள்ளைகள் அந்தச் சொல்லைக் கேட்பதே வீட்டைப் பற்றிய பேச்சில்தான். வீவக, அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், விற்கும் வீடு 99 ஆண்டுக் குத்தகை. அப்புறம், கட்டுமான வேலையை எடுத்துச் செய்யும் நிறுவனத்துக்கும் இங்கே செய்தியில் குத்தகையாளர் என்றுதான் பெயர். 'அபினிக் குத்தகையாளர்' என்று எழுதினால், அபினிக்குக் கட்டடம் கட்டிக் கொடுத்தவர் என்று நினைப்பார்கள். மதுரையில் தெளிவாக இருப்பது இங்கே தெளிவாக இல்லை.

நாகர்கோவிலிலிருந்து, புதன் காலை

பாட்டம் கல்லில் மட்டும் இல்லை, எங்கள் வாயிலும் இருக்கிறது. "வயலைப் பாட்டத்துக்குக் கொடுத்தாச்சு" என்று இன்றும் சொல்வோம். மலையாளத்திலும் அதுதான். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். எங்கள் பேச்சில் பாட்டம் நிலத்தோடும் தோப்போடும் நின்றுவிடும். கள்ளுக்கடை இருந்த காலத்தில் அதற்கு ஏலம் என்பதுதான் பேச்சு. பாட்டாளர் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. காதில் விழுந்தால் பாட்டாளி என்றே கேட்கும். கோவை அண்ணன் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் மதியம்

நல்ல விவாதம். எங்கட பக்கத்துக் கதை ஒன்றைச் சொல்லட்டுமா? சட்டை விளிம்பில் தைக்கும் பின்னல் நாடாவை நாங்கள் 'றேந்தை' என்போம். போர்த்துக்கீசரின் 'ரெண்டா' அது. அதே ரெண்டாவுக்கு அவர்கள் மொழியில் குத்தகைப் பணம், வருமானம் என்றும் பொருள். பிரித்தானியர் காலத்துச் சாராயக் குத்தகைக்காரரைச் சிங்களத்தில் 'ரேந்தராள' என்பார்கள். ஆக, சிங்களம் அந்தச் சொல்லின் பணத்தையும் எடுத்தது. தமிழ் பின்னலை மட்டும் எடுத்தது. ஏன் எடுக்கவில்லை என்று யோசித்தால், பணத்துக்கு எங்களிடம் ஏற்கெனவே குத்தகை இருந்தது என்பதுதான் எனக்குத் தெரியும் விடை. கடன் வாங்கத் தேவை இல்லாத இடத்தில் மொழி கடன் வாங்கவில்லை. குத்தகைக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

இலங்கையில் சாராயக் குத்தகை 1912 வரை நீண்டது. அதில் சேர்ந்த பணம் காரீயச் (கிராஃபைட்) சுரங்கத்துக்கும் தென்னந்தோட்டத்துக்கும் போனது. சிங்கப்பூரிலும் அப்படித்தான் இருக்க வேணும். ஒருத்தரின் பணப்பெட்டி எப்படி ஊரின் முதலீடாகியது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கோ.

பெங்களூரிலிருந்து, புதன் இரவு

குத்தகை பிற்காலத்தது என்பதால் தள்ளுவது நியாயமில்லை. கன்னடத்தில் 'குத்திகெ', ஒப்பந்த வேலைக்குப் பெயர். தெலுங்கில் 'குத்த'. ஏகபோகத்துக்குத் தெலுங்கில் 'குத்தாதிபத்யம்' என்பார்கள். இந்தச் சிங்கப்பூர் அபினிக்கு அதைவிடப் பொருத்தம் வேறென்ன? ஒருவரே விற்கலாம், வேறு யாரும் விற்கக் கூடாது. மூன்று மொழியும் ஒரே வேரைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. அந்த வேர் 'குத்துமதிப்பு' என்பதில் வரும் குத்துதான் என்று எனக்குப் படுகிறது. பிரித்து எண்ணாமல் மொத்தமாகப் பேசுவது. குத்துச்செடி, குத்துவிளக்கு எல்லாவற்றையும் இதோடு சேர்க்க முடியுமா என்று இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குத்துச்செடி சேரும், திரண்டு நிற்பதால். குத்துவிளக்கு சேராது போலிருக்கிறது.

கோவையிலிருந்து, வியாழன் காலை

குத்து திராவிட வேர் என்பதை ஏற்கிறேன், மகிழ்ச்சிதான். என் மறுப்பு தூய்மை பற்றியது அல்ல, நுட்பம் பற்றியது. கடலிலும் சாலையிலும் வாங்கும் தீர்வைக்கு உல்கு என்றோம். பட்டினப்பாலை காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தில் ஓயாமல் உல்கு வாங்கிப் புலி முத்திரை குத்துகிறார்கள். குறள் 756 உறுபொருள், உல்குபொருள், தெறுபொருள் என்று வேந்தனின் பொருளையே மூன்றாகப் பிரிக்கிறது. இவ்வளவு பிரித்துப் பார்த்த மொழி இது. இன்று நிலம், வீடு, புளியமரம், கட்டட வேலை, அபினி எல்லாவற்றையும் ஒரே குத்தகையில் கொட்டுகிறோம். சிங்கப்பூர் அம்மா சொன்ன குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

சுங்கமில்லாத் துறைமுகத்துக்கு ஒரு சொல் தருகிறேன். முதற் குலோத்துங்கனைச் 'சுங்கந்தவிர்த்த சோழன்' என்றோம். சிங்கப்பூரைச் 'சுங்கந்தவிர்த்த துறை' என்று எழுதிப் பாருங்கள்.

சிங்கப்பூரிலிருந்து, இன்னொருவர், வியாழன் மதியம்

சுங்கந்தவிர்த்த துறை! இதை இன்றே எடுத்துக்கொள்ளலாம்.

அபினிக்கு வருகிறேன். என் தாத்தா தஞ்சோங் பகார் துறையில் மூட்டை தூக்கியவர். வீட்டில் 'டாக்' என்றுதான் பேச்சு. அந்தத் துறை 1864-இல் தனியார் கம்பெனியாகத் தொடங்கி, 1905-இல் அரசு கைக்குப் போனது. அபினியும் அதே வழியில் போனது. 1909 முடியக் குத்தகை, 1910-இலிருந்து அரசே காய்ச்சி அரசே விற்றது. எனவே நமக்கு வேண்டியது ஒரு சொல் இல்லை, ஒரு இணை. தனியாரிடம் விட்டிருந்த காலத்துக்கு ஒன்று, அரசே நடத்திய காலத்துக்கு ஒன்று. இரண்டாவதை 'அரசுடைமை' என்றால் போதுமா?

மதுரைப் பக்கமிருந்து, வியாழன் மாலை

அந்த இணை எங்கள் பழைய வருவாய்க் கணக்கில் அப்படியே இருக்கிறது தம்பி. ஒருவரிடம் தொகை பேசி விட்டால் குத்தகை, சர்க்கார் தானே ஆள் வைத்து வசூலித்தால் அமானி. அமானி வெளியிலிருந்து வந்த சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் குத்தகைக்கு எதிர்ச்சொல் என்று அலுவலகத்தில் வாழ்ந்த சொல் அது. 'இசாரா', 'மிட்டா' போன்ற மற்றப் பழைய வருவாய்ச் சொற்களை நான் கேட்கவில்லை. அமானியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

குத்தகையின் குழப்பத்துக்கு மருந்து அடைமொழி. 'வருவாய்க் குத்தகை' என்று பொதுப்பெயர் வையுங்கள். வீட்டுக் குத்தகையோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள். ஆளுக்குக் 'குத்தகைக்காரர்'. உங்கள் ஊர்க் குத்தகையாளர் கட்டடம் கட்டட்டும்.

சிங்கப்பூரிலிருந்து, வியாழன் நள்ளிரவு

அனைவருக்கும் நன்றி. நாளை அச்சுக்குப் போவதால் இத்தோடு முடிவெடுத்துவிட்டேன். பொதுப்பெயர் வருவாய்க் குத்தகை. தனித்தனியாக அபினிக் குத்தகை, சாராயக் குத்தகை, சூதாட்டக் குத்தகை. ஆள் குத்தகைக்காரர். இதற்கு ஐந்து பேர் சரி என்கிறீர்கள், ஒருவர் மறுக்கிறார். 'சுங்கந்தவிர்த்த துறை' தலைப்பில் வருகிறது.

யாழ்ப்பாணத்து ஐயா கேட்டதையும் சேர்த்திருக்கிறேன். 19-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் நீரிணைக் குடியேற்றங்களின் (சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா) வருமானத்தில் ஏறத்தாழப் பாதி இந்த அபினியிலிருந்துதான் வந்தது. ஹாங் லிம் பூங்காவில் நடை நிற்கும்போது, 1876-இல் அந்த இடத்தைத் தோட்டமாக்கப் பணம் கொடுத்த சியாங் ஹாங் லிம் ஓர் அபினிக் குத்தகைக்காரர் என்று சொல்வோம். அந்தச் சண்டுவைப் புகைத்து உழைப்பின் வலியை மறந்த கூலிகளின் காசு அது என்பதையும் சொல்வோம். பண்ணை என்று எழுதியிருந்தால் இந்த இரண்டும் ஒட்டியே இருக்காது. கள்ளச் சண்டு பிடிக்கக் குத்தகைக்காரர் சொந்தமாகவே காவல் ஆட்கள் வைத்திருந்தார். 'சிண்டெங்' என்பார்கள். அதற்குச் சொல் தேடவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

அமானியைப் போட இடமில்லை ஐயா. பிள்ளைகளுக்கு அதை விளக்கவே ஒரு பத்தி ஆகிறது. 'அரசின் நேரடி விற்பனை' என்று எழுதியிருக்கிறேன்.

மதுரைப் பக்கமிருந்து, வெள்ளி காலை

சரி அம்மா, அச்சுக்குக் கொடுங்கள். அமானிக்கு அடுத்த பதிப்பில் ஒரு பத்தி வேண்டும் என்று இப்போதே எழுதி வைக்கிறேன்.

கோவையிலிருந்து, வெள்ளி காலை

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். நான் எழுதும் இடத்தில் அபினிப்பாட்டம் என்றே எழுதுவேன். பெங்களூர் நண்பருக்கு ஒன்று: குத்துவிளக்கு நட்டுவைப்பதால் வந்தது, குத்தி நிறுத்துவது. மொத்தக் குத்து வேறு, நடும் குத்து வேறு. தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.