ஹம்முஸ் கசக்கிறது, நறநறக்கிறது, ஞாயிறு பதினான்கு பேர் வருகிறார்கள்

லாஸ்பேட்டை மாடிவீடு:

கணவரின் அலுவலக நண்பர்கள் பாதி, காரைக்காலிலிருந்து என் பெரியம்மா குடும்பம் பாதி. சாயங்காலம் மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே கொறிக்க ஏதாவது வேண்டும். பஜ்ஜி, போண்டா என்றால் நான் எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்க வேண்டும், யாரோடும் பேசவே முடியாது. அதனால் ஹம்முஸ் (கொண்டைக்கடலையும் எள்ளும் அரைத்துச் செய்கிற அரபு நாட்டுத் துவையல்) என்று முடிவெடுத்துப் போன வாரம் ஒத்திகை பார்த்தேன். சொதப்பல். நறநறவென்று இருந்தது, போதாததற்குக் கசப்பு வேறு. என் மகன் ஒரு வாய் வைத்துவிட்டு, "இந்தத் துவையலுக்குத் தேங்காய் போடலையாம்மா?" என்றான்.

வெள்ளைக் கொண்டைக்கடலையை இரவே ஊறவைத்து ஐந்து விசில் விட்டேன். வீட்டில் இருந்த கறுப்பு எள்ளை நன்றாக வறுத்து அரைத்தேன். ஆலிவ் எண்ணெயை அரைக்கும்போதே ஊற்றினேன். எங்கே தப்பு? அப்புறம், ஒரே கிண்ணமாக வைக்காமல் மூன்று நான்கு விதமாக வைக்க ஆசை. பெரியம்மா பூண்டு சேர்க்க மாட்டார், அதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.

மஞ்சக்குப்பம் அடுப்படி:

அக்கா, நம் கைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, கடலை என்றாலே சுண்டல் பதத்தில் நிறுத்திவிடும். ஹம்முஸுக்கு அது போதாது. இரண்டு விரலுக்கு நடுவே வைத்து லேசாக அழுத்தினால் வெண்ணெய் மாதிரி நசுங்க வேண்டும், இன்னும் கொஞ்சம் விட்டால் குழைந்துவிடும் என்ற நிலை. பதினான்கு பேருக்குக் கால் கிலோ கடலை தாராளம். பன்னிரண்டு மணி நேரம் ஊறவைத்து, வேகவைக்கும்போது அரை டீஸ்பூன் ஆப்ப சோடா போடுங்கள், தோல் இளகிக் கழன்று வரும். ஒன்று மட்டும் கவனம், சோடா போட்டால் நுரை பொங்கும், கழன்ற தோல் குக்கர் மூடியின் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். எனக்கு ஒரு முறை அப்படி ஆகி, விசிலே வராமல் பயந்துபோய் அடுப்பை அணைத்தேன். முதலில் மூடாமல் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, நுரையையும் மிதக்கிற தோலையும் கரண்டியால் அள்ளிப் போட்டுவிட்டு, அப்புறம் மூடுங்கள். குக்கர் பாதிக்கு மேல் நிறைய வேண்டாம்.

கசப்புக்குக் காரணம் ஒன்றல்ல, மூன்று. கறுப்பு எள் தோலோடு இருப்பது, கசக்கத்தான் செய்யும். இரண்டாவது, நன்றாக வறுத்ததில் அது கருகியிருக்கும். தோல் நீக்கிய வெள்ளை எள்ளாக வாங்கிச் சின்னத் தீயில் வறுத்து, வாசம் வந்து ஒன்றிரண்டு வெடிக்கத் தொடங்கியதும் இறக்கி உடனே தட்டில் கொட்டுங்கள், சூட்டுச் சட்டியிலேயே விட்டால் அதுவாகவே கருகும். மூன்றாவது அந்த ஆலிவ் எண்ணெய். மிக்ஸியில் வேகமாக அடித்தால் அதற்கும் கசப்பு தட்டும். கடைசியில் மேலே ஊற்றினால் போதும்.

முதுநகர் பழைய குவைத்:

ஒன்பது வருடம் குவைத்தில் ஓர் உணவகச் சமையலறையில் இருந்தேன், அந்த உரிமையில் சொல்கிறேன். அடுப்படி சொன்னது எல்லாம் சரி, இன்னும் கொஞ்சம் சேர்க்கிறேன். பூண்டை நேராகப் போடாதீர்கள். எலுமிச்சைச் சாற்றில் நசுக்கிப் போட்டுப் பத்து நிமிடம் விட்டால் அதன் காரம் அடங்கும். அந்தச் சாற்றை எள் விழுதில் ஊற்றியதும் அது திரிந்த மாதிரி கெட்டியாகும், பயப்பட வேண்டாம். ஐஸ் தண்ணீர் ஒவ்வொரு ஸ்பூனாக விட்டு அடித்துக்கொண்டே இருங்கள், ஒரு கட்டத்தில் சட்டென்று வெளுத்துத் தயிர் மாதிரி இளகும். அதற்குப் பிறகுதான் கடலை. நம் மிக்ஸி சூடேறும், நடுவில் நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள்.

விதவிதமாக வேண்டும் என்றால் உள்ளே எதையும் கலக்காதீர்கள் என்பேன். வெள்ளை ஹம்முஸ் ஒன்றே ஒன்று, நன்றாக. தட்டில் பரப்பி, கரண்டியின் முதுகால் நடுவில் குழி போட்டு, குழியில்தான் வித்தியாசம். ஒன்றில் அரைக்காத முழுக் கடலையும் சீரகத் தூளும். இன்னொன்றில் பட்டை, மிளகு போட்டு வதக்கிய மட்டன் கொத்துக்கறி, அரபு நாடுகளில் ஹம்முஸ் பில் லஹ்ம் என்று கேட்டால் தருவது இதுதான், அலுவலக நண்பர்கள் தட்டை வழிப்பார்கள். மூன்றாவதில் எண்ணெயில் பொரித்த கறிவேப்பிலை, கிள்ளிய வரமிளகாய். பெரியம்மாவுக்குப் பூண்டு இல்லாமல் தனியாக எடுத்து வைத்து, நல்லெண்ணெயில் பெருங்காயம் பொரித்து ஊற்றுங்கள், வேறு எதுவும் தேவைப்படாது.

பண்ருட்டிப் பலா:

குவைத் அண்ணன் எல்லாவற்றையும் மேலே தூவச் சொல்கிறார். நான் உள்ளேயே கை வைக்கிற ஆள். இப்போது பலாப்பழ சீசன், வீட்டில் கொட்டை குவிந்து கிடக்கும். வேகவைத்து, மேல் வெள்ளைத் தோலை உரித்து (உள்ளே இருக்கிற பழுப்புத் தோல் கொஞ்சம் ஒட்டியிருந்தால் பரவாயில்லை), பாதி கொட்டை, பாதி கடலை என்று அரைத்துப் பாருங்கள். மண் வாசமும் இனிப்புமாக இருக்கும். இதில் மாவுச்சத்து அதிகம், ஆறினால் களி மாதிரி இறுகும், அதனால் நினைப்பதைவிடத் தளர்த்தியாக அரைத்து, எலுமிச்சை ஒரு மூடி கூடுதலாகப் பிழியுங்கள். மேலே இட்லிப் பொடியும் நல்லெண்ணெயும்.

நிறத்துக்கு பீட்ரூட் போடுவதானால் தண்ணீரில் வேகவைக்காமல் ஆவியில் வேகவையுங்கள், இல்லாவிட்டால் ஜூஸாகிவிடும். எள் ஒத்துக்கொள்ளாதவர் யாராவது வருகிறார்களா என்றும் முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முதுநகர் பழைய குவைத்:

தம்பி, ஹம்முஸ் என்ற அரபுச் சொல்லுக்கே கொண்டைக்கடலை என்றுதான் பொருள். பலாக்கொட்டையை அரைத்தால் அது பலாக்கொட்டைத் துவையல். லெபனான்காரர்கள் இது எங்கள் பண்டம் என்று காட்டவே 2010இல் 10,452 கிலோ ஹம்முஸ் செய்து கின்னஸில் ஏறினார்கள். அந்த எண் அவர்கள் நாட்டின் பரப்பளவு, 10,452 சதுர கிலோமீட்டர். அவ்வளவு ரோஷம் இருக்கிற பண்டம் இது.

பண்ருட்டிப் பலா:

அதான் பாதி கடலை போடச் சொன்னேனே அண்ணே. பாதி ரோஷம் போதும்.

லாஸ்பேட்டை மாடிவீடு:

எல்லோருக்கும் நன்றி, ஞாயிறு நல்லபடியாக முடிந்தது. நான்கு தட்டு வைத்தேன்: கொத்துக்கறி, கறிவேப்பிலை, பலாக்கொட்டை, பெரியம்மாவின் பெருங்காயத் தட்டு. பீட்ரூட்டை விட்டுவிட்டேன். எள் விழுது சட்டென்று வெளுக்கும் என்று குவைத் அண்ணன் சொன்னதை நான் நம்பவே இல்லை, ஏழாவது ஸ்பூன் தண்ணீரில் என் கண் முன்னால் நடந்தது, மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன். தொட்டுக்கொள்ள பேக்கரியிலிருந்து நீள ரொட்டி ஆறு வாங்கி வெட்டி வைத்திருந்தேன், கூடவே வெள்ளரிக்காய், சுட்ட அப்பளம். அப்பளம்தான் முதலில் தீர்ந்தது, கடல்காற்றில் நமத்துப்போகும் என்று பயந்தேன், அதற்கு நேரமே கொடுக்கவில்லை.

கொத்துக்கறித் தட்டு கால் மணி நேரத்தில் காலி. பலாக்கொட்டையைப் பெரியப்பா "இது என்ன பருப்பும்மா" என்று கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார், கடைசி வரை நான் சொல்லவில்லை. பெரியம்மாதான், நான்கு வில்லை ரொட்டி சாப்பிட்டுவிட்டு, "எல்லாம் சரி, இதுக்கு ரெண்டு தோசை ஊத்தேன்" என்றார். ஊற்றினேன். ஆக எப்படியும் அடுப்பு முன்னால் நின்றாகிவிட்டது.

எள் விழுது அரை பாட்டில் மிச்சம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

மஞ்சக்குப்பம் அடுப்படி:

எண்ணெய்க் கத்தரிக்காய்க் குழம்பு வையுங்கள் அக்கா. இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் இரண்டு ஸ்பூன், புளித்தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள்.