அப்பாவுக்கு ஏன் ஆறு தடவை? பிசிஜி சிகிச்சையும் புற்றுநோய் ஆராய்ச்சியும் பற்றி ஒரு கேள்வி

சாம்பல்தீவுப் பிள்ளை கேட்டது:

வணக்கம். நான் திருகோணமலை. உயர்தரம் உயிரியல் பிரிவில் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கிறேன்.

சித்திரையில் அப்பாவுக்குச் சலத்தோடு இரத்தம் போனது. நோவு எதுவும் இல்லை. வெயில் சூடு என்று அம்மா பார்லிக் கஞ்சியும் இளநீரும் கொடுத்தார். மூன்று நாளில் நின்றுவிட்டது, நாங்களும் மறந்துவிட்டோம். ஆடியில் மறுபடி போனது. அதையும் ஒரு கிழமை மறைத்துவிட்டுத்தான் சொன்னார். சிறுநீர்ப்பையில் கட்டி என்று கண்டுபிடித்து, குழாய் விட்டுச் சுரண்டி எடுத்தார்கள். தசைக்குள் இறங்கவில்லை, ஆனால் வேகமாக வளரும் வகை என்று அறிக்கையில் இருக்கிறது.

இப்போது கிழமைக்கு ஒரு தடவை பிசிஜி மருந்தைக் குழாய் வழியாகச் சிறுநீர்ப்பைக்குள் விடுகிறார்கள். அதற்காக வெளி மாவட்டத்துக்குப் போய்வருகிறோம். மூன்று முடிந்துவிட்டது, இன்னும் மூன்று. பிறந்த குழந்தைக்குக் காசநோய் வராமலிருக்கப் போடுகிற அதே பிசிஜிதான். என் இடது கையிலும் அந்தத் தழும்பு இருக்கிறது. காசநோய் மருந்துக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? ஏன் ஆறு தடவை? கிளினிக்கில் கேட்டேன். "எல்லோருக்கும் ஆறுதான்" என்றார்கள். வரிசை நீளமாக இருந்தது, மேலே கேட்க முடியவில்லை.

இதைக் கண்டுபிடித்தவர் யார்? அவருடைய வாழ்க்கை எப்படிப் போனது? இப்படி ஒரு வேலைக்கு எங்கள் ஊரிலிருந்து ஒருவர் போக முடியுமா?

மடத்தடி எழுதியது:

மகள், அப்பாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள், இது முடிக்கக்கூடிய சிகிச்சை. நான் போன வருடம் முடித்தேன். காலையில் தேநீரும் தண்ணீரும் குறைத்துக்கொண்டு போகச் சொன்னார்கள், அப்போதுதான் இரண்டு மணித்தியாலம் அடக்கிவைக்க முடியும். நான்காவது, ஐந்தாவது தடவைகளில் இரவில் காய்ச்சல் காய்ந்தது, அடுத்த நாள் விட்டது. இரண்டு நாளுக்கு மேல் காய்ந்தாலோ குளிர் நடுங்கினாலோ வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம், உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். முதல் ஆறு மணித்தியாலம் ஆண்களும் உட்கார்ந்துதான் சலம் கழிக்க வேண்டும், பிறகு மலசலகூடத்துக்குள் பிளீச் ஊற்றிக் கால் மணித்தியாலம் விட வேண்டும். என் மனைவிதான் அதைச் செய்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. உங்கள் அப்பாவுக்கும் அப்படி இருக்கும், அவர் முகத்தைப் பார்க்காமல் செய்துவிடுங்கள்.

என் அண்ணருக்கு புரஸ்டேட் புற்றுநோய். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் ஊசி. அதைப் பற்றியும் யாராவது எழுதினால் வாசிப்பேன்.

உவர்மலை எழுதியது:

தங்கச்சி, நான் வைத்தியர் அல்ல. உவர்மலையில் பிறந்து வளர்ந்தேன். பதினான்கு வருடமாக ரொறொன்ரோவில் ஒரு புற்றுநோய்ப் பிரிவில் மருந்துப் பரிசோதனைகளை ஒருங்கிணைக்கும் வேலை. யாருக்கு எந்த நாளில் என்ன மருந்து போனது, இரவில் எத்தனை தடவை எழும்பினார், எத்தனையாவது மாதத்தில் கட்டி திரும்பி வந்தது என்று எழுதிவைக்கிற வேலை. அதனால் "ஏன் ஆறு?" என்று வாசித்தவுடன் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு பெட்டிக்குள் ஆறு குப்பிகள் இருந்தன. அதுதான் காரணம்.

கனடாவில் கிங்ஸ்டன் என்ற ஊரில், குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் அல்வாரோ மொராலெஸ் என்ற சிறுநீரியல் சத்திரசிகிச்சை நிபுணர் இருந்தார். மொன்றியலில் அர்மான் ஃப்ராப்பியே நிறுவனம் தயாரித்த பிசிஜியைத்தான் அவர் சிறுநீர்ப்பைக் கட்டிக்குப் பயன்படுத்தினார். அது ஆறு குப்பிகளாகப் பொதிசெய்து வந்தது. ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் எரிச்சலும் அடிக்கடி சலம் போவதும் ஒரு கிழமைக்குள் அடங்கிவிட்டன, ஆகவே கிழமைக்கு ஒன்று. 1976-ல் அவர், டேவிட் ஐடிங்கர், அன்ட்ரூ புரூஸ் ஆகிய மூவரும் சேர்ந்து எழுதிய கட்டுரையில் இருந்த நோயாளிகள் ஒன்பது பேர். ஒன்பதே பேர். அப்போது தொடைத் தோலிலும் பிசிஜி குத்தினார்கள். அது தேவையில்லை என்று பிறகு தெரிந்ததால் விட்டுவிட்டார்கள். ஆறு மட்டும் நின்றுவிட்டது.

இதைக் கேட்டு, குருட்டாம்போக்கில் செய்தார் என்று நினைத்துவிடாதீர்கள். எண்தான் தற்செயல், யோசனை தற்செயல் அல்ல. கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டின் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்கிலும் பித்தநீரிலும் மூன்று கிழமைக்கு ஒரு தடவை மாற்றி மாற்றி, 1908 முதல் 1921 வரை 230 தடவை வளர்த்தார்கள். கிருமி உயிரோடு இருந்தது, நோய் தரும் வலு போய்விட்டது. அதுதான் பிசிஜி. உங்கள் கையில் இருக்கும் தழும்பு அந்தப் பதின்மூன்று வருடத்தின் தழும்பு. பிறகு 1970-களின் தொடக்கத்தில் பேர்ட்டன் ஸ்பார் என்ற அமெரிக்க ஆய்வாளர், கினிப்பன்றிகளின் கட்டிக்குள் பிசிஜியைச் செலுத்தி, எப்போது கட்டி கரைகிறது என்று பார்த்தார். கட்டி சிறிதாக இருக்க வேண்டும், கிருமி அதை நேரடியாகத் தொட வேண்டும், போதிய அளவு உயிருள்ள கிருமி வேண்டும், உடலின் எதிர்ப்புச் சக்தி வேலை செய்ய வேண்டும்.

இப்போது உங்கள் அப்பாவின் சிறுநீர்ப்பையை நினைத்துப் பாருங்கள். கட்டியைச் சுரண்டிச் சிறிதாக்கிவிட்டார்கள். பை மூடியிருக்கிறது. மருந்தை உள்ளே விட்டு இரண்டு மணித்தியாலம் வைத்திருக்க முடியும். கிருமி சுவரில் ஒட்டுகிறது, எதிர்ப்புக் கலங்கள் திரண்டு வருகின்றன, வந்த இடத்தில் புற்றுநோய்க் கலங்களையும் தாக்குகின்றன. ஸ்பாருடைய நிபந்தனைகள் அத்தனையும் பொருந்துகிற ஓர் உறுப்பு மனித உடலில் இருக்கிறது என்று ஒருவருக்குப் பட்டதே, அதைத்தான் நான் ஆராய்ச்சி என்பேன்.

மடத்தடி ஐயா, உங்கள் அண்ணரின் ஊசிக்கும் நீண்ட கதை உண்டு. சார்ள்ஸ் ஹக்கின்ஸ் சிக்காகோவில் நாய்களின் புரஸ்டேட் சுரப்பியை ஆராய்ந்துகொண்டிருந்தார். மனிதனைப் போலவே நாய்க்கும் வயதானால் அது வீங்கும். ஆண் ஹோர்மோனை நிறுத்தினால் சுருங்குவதைப் பார்த்தார். 1941-ல் அதையே நோயாளிகளிலும் காட்டினார், நோபல் பரிசு 1966-ல் வந்தது. ஆண் ஹோர்மோனைச் சுரக்கும் விதைகளை (விரைகளை) அகற்றாமல் ஊசியால் அதே விளைவைக் கொண்டுவர முடிந்தது, அன்ட்ரூ ஷாலி, அந்தச் சுரப்புக்காக மூளையிலிருந்து போகும் கட்டளை ஹோர்மோனின் கட்டமைப்பை 1971-ல் கண்டறிந்ததால்தான்.

மூதூர்க் கரை எழுதியது:

நான் மட்டக்களப்பில் மருத்துவம் மூன்றாம் வருடம். வழி சுருக்கமாக: பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் புள்ளி கிடைத்தால் மருத்துவ பீடம் ஐந்து வருடம், ஒரு வருடம் உள்ளகப் பயிற்சி, பிறகு கொழும்பில் பட்டப்பின் மருத்துவ நிறுவனம். முதலில் வைத்தியர் ஆகுங்கள் தங்கச்சி, ஆராய்ச்சியைப் பிறகு யோசிக்கலாம். புள்ளி குறைந்தால் இந்தப் பாதை மூடிவிடும்.

உவர்மலை எழுதியது:

தம்பி, கடைசி வரியை நான் ஏற்க மாட்டேன். எனக்குப் புள்ளி போதவில்லை. அந்தக் கிழமை முழுக்க வீட்டில் யாரும் என்னோடு சத்தமாகக் கதைக்கவில்லை, சாவு வீடு போல இருந்தது. விஞ்ஞானப் பட்டம் படித்து இந்த வேலைக்கு வந்தேன். நான் எழுதிவைத்த எண்கள் வைத்தியர்களின் முடிவுகளுக்குள் போயிருக்கின்றன. ஷாலி மருத்துவம் படித்தவர் அல்ல, உயிர்வேதியியல்காரர். இன்று ஐயாவின் அண்ணர் அந்த ஊசியால்தான் நடமாடுகிறார். பெறுபேறு பார்க்கக் காத்திருக்கும் பிள்ளையிடம் பாதை மூடும் என்று சொல்ல வேண்டாம்.

சாம்பல்தீவுப் பிள்ளை எழுதியது:

உவர்மலை அக்கா, நீங்கள் எழுதியதை அப்பாவுக்கு உரத்து வாசித்தேன். ஒரு மாதமாக நோயைப் பற்றி வாய் திறக்காதவர் எழும்பி உட்கார்ந்து கேட்டார்: "அந்தப் பெட்டியில் எட்டுக் குப்பி இருந்திருந்தால்? இல்லை, நாலு?" எனக்கு விடை தெரியவில்லை.

உவர்மலை எழுதியது:

அப்பாவின் கேள்விதான் பல பேருடைய வாழ்நாள் வேலை ஆனது. அவருக்கு இதையும் வாசித்துக் காட்டுங்கள்.

டொனால்ட் லாம் என்ற அமெரிக்கர் ஆறு போதுமா என்று கேட்டார். ஆறு முடிந்தவர்களில் ஒரு பாதிக்கு மூன்று வருடம் வரை இடையிடையே மூன்று கிழமைக்கு மருந்து கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. 2000-ல் முடிவு வெளியானது. கொடுக்காதவர்களில் பாதிப் பேருக்கு நோய் திரும்பாமல் இருந்த காலம் 35.7 மாதம், கொடுத்தவர்களில் 76.8 மாதம். வைத்தியர் அப்பாவுக்கும் ஆறுக்குப் பிறகு "இன்னும் இருக்கிறது" என்று சொல்லக்கூடும். மோசமாகிவிட்டது என்று அவர் எண்ணிவிடக்கூடாது, இப்போதே சொல்லிவையுங்கள்.

நாலு போதுமா என்பதையும் விடவில்லை. ஐரோப்பாவில் தடவைகளைக் குறைத்துப் பார்த்தார்கள். ஆறு கிழமைக்குப் பதிலாக முதலாவது, இரண்டாவது, ஆறாவது கிழமைகளில் மட்டும். 2020-ல் வெளியான முடிவின்படி, குறைத்தவர்களில் நூற்றுக்கு 27 பேருக்கு நோய் திரும்பியது, வழமைபோல் கொடுத்தவர்களில் 12 பேருக்கு. இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். அந்தப் பரிசோதனையில் சேர்ந்தவர்களுக்குக் குறைவான எரிச்சல் கிடைக்கட்டும் என்று நினைத்துத்தான் அதைத் தொடங்கினார்கள். இப்படி முடிகிற நாட்களில் எங்கள் பிரிவில் பகல் சாப்பாடு இறங்காது. ஆனாலும் உங்கள் அப்பா ஒரு கிழமையைக்கூடத் தவறவிடக்கூடாது என்று இன்று நான் துணிந்து எழுதுவது அவர்களால்தான்.

அப்பா புகைப்பவரா? நீங்கள் எழுதவில்லை. என் அப்பா துறைமுகத்தில் வேலை செய்தார், பீடியை விடவே இல்லை. அவருக்கும் இதே நோய். அவர் மறைத்தது ஒரு கிழமை அல்ல, ஒன்றரை வருடம். புகையின் நஞ்சு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் வடிகட்டி, கடைசியில் சிறுநீர்ப்பையில்தான் மணிக்கணக்காகத் தேங்கி நிற்கிறது. விட்டிருந்தால் நல்லது, விடாவிட்டால் இன்றைக்கே.

சாம்பல்தீவுப் பிள்ளை எழுதியது:

மூன்று மாதமாக விட்டிருக்கிறார் அக்கா. புதன்கிழமை நான்காவது தடவை. பழைய உயிரியல் கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டிருக்கிறேன்: திகதி, மருந்து விட்ட நேரம், எவ்வளவு நேரம் அடக்கினார், காய்ச்சல், இரவில் எழும்பிய தடவை. வேறு என்ன எழுத வேண்டும்?

உவர்மலை எழுதியது:

சலத்தின் நிறம். எத்தனை நாள் எரிந்தது. ஆறு முடிந்த பிறகு கமெரா விட்டுப் பார்க்கும் திகதி, அதைத் தவறவிட வேண்டாம். பென்சிலால் எழுதாதீர்கள், பேனையால் எழுதுங்கள்.