புதுப்பிப்பு: லா பாஸ் வந்து சேர்ந்துவிட்டோம்

பெருவின் லிமாவிலிருந்து பொலிவியாவின் லா பாஸுக்கு நேரே பறப்பதா, உடம்பு உயரத்துக்குப் பழகும்படி ஊர் ஊராகத் தங்கி மேலே போவதா என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். மெதுவாகப் போகச் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

நானும் தோழியும் முதலில் பேருந்தில் அரேகிப்பா போனோம். சுமார் 2,300 மீட்டர் உயரம். நான்கு நாள் தங்கினோம். வெள்ளை எரிமலைக் கல்லில் கட்டிய ஊர், அந்தி வெயிலில் அவ்வளவு அழகு.

அப்புறம் குஸ்கோ, 3,400 மீட்டர். அங்கேதான் உயரம் ஒத்துக்கொள்ளாமல் தோழிக்குத் தலைவலியும் வாந்தியும் வந்தன. விடுதிக்கார அம்மா கோக்கா இலைத் தேநீர் கொடுத்தார். இதமாக இருந்தது, ஆனால் அவளைத் தேற்றியது இரண்டு நாள் ஓய்வுதான். நடை தள்ளாடினாலோ, படுத்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் கீழே இறங்கிவிடுங்கள். இதை மட்டும் தயவுசெய்து மறக்காதீர்கள்.

லா பாஸ் 3,600 மீட்டர். பறந்து வந்திருந்தால் 4,000 மீட்டருக்கும் மேலே, மேட்டில் இருக்கும் பக்கத்து ஊரான எல் ஆல்ட்டோவின் விமான நிலையத்தில் இறங்கியிருப்போம்! இங்கே 2014 முதல் ரோப் கார் நகரப் பேருந்து போல ஓடுகிறது. நேற்று அதில் எல் ஆல்ட்டோவுக்கு ஏறினோம். இல்லிமானி பனிமலை முழுசாகத் தெரிந்தது. தோழி ஒன்றும் பேசவில்லை, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.